செண்பகத்தில் சிவப்புக் கோடு

பேர்னாட் துறைமுகத்தில் கைகாட்டுகிறவன். கப்பலின் வயிற்றிலிருந்து சாமான் மேலே வரும்போது, கிறேன்காரனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே நிற்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. இரண்டையும் பார்க்கக்கூடிய விளிம்பில் ஒருவன் நின்று கையை உயர்த்துவான், தாழ்த்துவான், விரலை மடக்குவான். அந்தக் கையை நம்பித்தான் பாரம் அசையும். பாரம் அந்தரத்தில் தொங்கும்வரை வேறு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள்.

பதினாறு வயதில் அந்த வேலைக்குப் போனவன், முப்பது வயதுவரை ஒரு பெட்டியைக்கூடக் கீழே விட்டதில்லை. பந்தயக் குதிரை இறக்கியிருக்கிறான். ஆள் உயரக் கண்ணாடிகள் இறக்கியிருக்கிறான். ஒருமுறை ஒரு துரையின் பியானோ இறங்கியது. தரையைத் தொட்டபோது அதன் ஒரு கட்டைகூட முனகவில்லை என்று கங்காணி சொன்னாராம். அதை அவனுடைய அக்கா மெற்றில்டா கோயிலில் கண்ட எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சிலரிடம் இரண்டு தரம்.

மெற்றில்டா அவனுக்குப் பதினொரு வயது மூத்தவள். அவனுடைய ஒன்பதாவது வயதில் தாய் போனாள். தகப்பன் அதற்கு முன்பே. அன்று முதல் கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்ன வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கன்னியாஸ்திரிகளிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் அவள். கோயிலின் பீடத் துணிகளைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்பு ஒரு நூல் பிசகாமல் ஸ்திரி போட்டுக் கொடுப்பது அவளுடைய வேலை. வீட்டில் ஓர் ஊசி இடம் மாறினாலும் அவளுக்குத் தெரியும். தம்பி பேச்சில் குறைவு. அதனால் அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவனிடம் தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை, 1938ஆம் ஆண்டு ஆனி மாதம்வரை.

வீட்டின் முன்பக்கம், கிழக்குச் சுவரோரத்தில், ஒரு செண்பக மரம் நின்றது. பன்னிரண்டு வயது. பதினொன்றரை அடி உயரம். மாதா வணக்க மாதமான மே மாதம் முழுவதும் அந்த மரத்துப் பூக்களைப் பித்தளைத் தட்டில் நிரப்பி, காலைப் பூசைக்கு முன் மாதா பீடத்தில் வைப்பவள் மெற்றில்டாதான். ரோசாப்பூ கொண்டுவருகிறவர்கள் உண்டு, மாலை கட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் சுவாமியார் வாசலுக்குள் நுழையும்போதே நின்று மூச்சை இழுப்பது செண்பகத்துக்கு மட்டும்தான். அது அவளுடைய இடம். அதை இன்னொருத்தி கேட்டுப் பார்க்கட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வளவில் இஸ்ஸதீன் நானா சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டினார். மிளகாயும் மல்லியும் மொத்தமாக விற்கிற மனிதர். கிட்டங்கி இரண்டு மாடி. அன்றிலிருந்து செண்பகத்துக்குப் பதினொரு மணிக்கு முன் வெயில் இல்லை. மரம் கழுத்தை நீட்டுவதுபோலத் தெருப்பக்கம் சாய்ந்தது. முன்பெல்லாம் தட்டு நிரம்பி வழியும். இந்த மே மாதம் மிகக் கூடிய நாளில் முப்பத்தெட்டுப் பூ.

"இனி மாதாவுக்கு இலைதானோ மெற்றில்டா?" என்று மேற்குச் சுவருக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டாள் பக்கத்து வீட்டு றஞ்சிதம்.

"இலையெண்டாலும் என்ர மரத்து இலை" என்றாள் மெற்றில்டா.

மே மாதம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவள் கேற்றைத் திறந்ததும் நின்றுவிட்டாள். பேர்னாட் செண்பகத்தின் அடியில் முழங்காலில் இருந்தான். அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பிறை வடிவில், இரண்டடி ஆழத்துக்கு அகழி வெட்டியிருந்தான். குறுக்கே வந்த வேர்களை மரம் அறுக்கிற வாளால் நறுக்கி வரிசையாக அடுக்கியிருந்தான். வெள்ளை வெளேரென்ற வேர்கள். வாசம் தெருவரைக்கும் வந்தது.

"என்னடா தம்பி செய்யிறாய்?"

"வேரைக் கொஞ்சம் சீர்பண்ணுறன், அக்கா."

"வேருக்கு என்ன வந்தது? பூவுக்கெல்லோ வருத்தம்."

"ரெண்டும் ஒண்டுதான்."

அவ்வளவுதான். அவன் அகழியை இலைமக்கும் ஆற்றுமணலும் கலந்து நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றி, கைகளைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தான். வெட்டியவன் ஏன் மூடினான்? மூடுவதற்காக ஒருவன் வெட்டுவானா? மரத்தின் பாதி வயிற்றை அறுத்துவிட்டு, வாளியோடு வந்து தண்ணீர் ஊற்றுகிறானே! மெற்றில்டா பெருவிரல் மொத்தத்தில் ஒரு வேர்த் துண்டை எடுத்துக் கழுவி, துடைத்து, அலுமாரித் தட்டில் வைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. சாட்சிக்கு இருக்கட்டும்.

அதன் பிறகு அவள் ஒன்றொன்றாகச் சேர்க்கத் தொடங்கினாள்.

களனியிலிருந்து பூங்கன்று கூடை சுமந்து வருகிற சிங்களக் கிழவர் ஒருவர் உண்டு. அடுத்த சனிக்கிழமை பேர்னாட் அவரைக் கேற்றடியில் மறித்து, "அய்யே, அய்யே" என்று தாழ்ந்த குரலில் முக்கால் மணித்தியாலம் சிங்களத்தில் கதைத்தான். கிழவர் செண்பகத்தைக் காட்டி, விரலால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினார். கதை முடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பேர்னாட் ஒரு கன்றுகூட வாங்கவில்லை. கன்று வாங்காதவனுக்குக் கன்றுக்காரனோடு என்ன கதை?

றஞ்சிதத்திடம் இதற்கு மறுமொழி இருந்தது.

"இஸ்ஸதீன் நானாவின்ர லொறி பின்பக்கமாத் திரும்ப இடமில்லையாம். உங்கட அந்த மூலையும் மரமும் இல்லாட்டி நல்ல வசதியெண்டு சொல்லித் திரியிறாராம்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லேல்லையெண்டு கேள்."

ஆவணி மாதம் பேர்னாட் மறுபடி மண்வெட்டி எடுத்தான். இந்த முறை மரத்தின் மற்றப் பக்கம். அதே ஒன்றரை அடி, அதே ஆழம். இரண்டு பிறையும் சேர்ந்து இப்போது முழு வட்டமாகிவிட்டது. அதை மூடியபின், துறைமுகத்திலிருந்து ஒரு தகரப் பேணியில் கொண்டுவந்த சிவப்புப் பெயின்றால் அடிமரத்தில், கிழக்குப் பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டான்.

கொட்டாஞ்சேனையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும், குறி போட்ட பெட்டி என்றால் என்னவென்று. குறி விழுந்த சாமான் ஒருவருக்கு உரியதாகிவிட்டது. அது கிட்டங்கியில் கிடந்தாலும், தெருவில் கிடந்தாலும், கிடக்கிற இடத்துக்கு அது சொந்தமில்லை. வண்டி வருவதுதான் பாக்கி.

"மார்க் விழுந்திட்டுதோ?" என்றாள் றஞ்சிதம், சுவருக்கு மேலால். "அப்ப ஆரோ துரைக்கு வித்தாச்சு."

மெற்றில்டா அன்று மத்தியானம் தம்பிக்குச் சோறு போட்டபடி கேட்டாள். "அந்தக் கோடு என்னத்துக்கு?"

"ஒரு அடையாளத்துக்கு."

"என்ன அடையாளம்?"

"பிறகு சொல்லுறன் அக்கா. இப்ப கேளாதேங்கோ."

அவன் மீனை முள் பார்த்துத் தின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஒரு களவும் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒன்பது வயதில் கற்கண்டு எடுத்துவிட்டு வந்தால் அவன் காது சிவக்கும். இப்போது காது சிவக்கவில்லை. எங்கே பழகினான்?

அடுத்த நாள் பீடத் துணி ஸ்திரி போடவேண்டிய நேரத்தில், சீலையை மாற்றிக்கொண்டு இஸ்ஸதீன் நானாவின் கடைக்கே போனாள். அவர் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் விசிறியோடு இருந்தார்.

"வாங்க தங்கச்சி, இரிங்க."

"இருக்க வரேல்லை நானா. எங்கட செண்பகத்தில உங்களுக்கு ஏதும் கண்ணோ?"

"எனக்கா?" நானா விசிறியை நிறுத்தினார். "என்ட பொஞ்சாதி மல்லியப் பூவுக்கே நாப்பது தும்மல் தும்முற. செண்பகம் ஊட்டுக்கு வந்தா நான்தான் ஊட்ட உட்டு ஓடோணும்."

"லொறிக்கு வழி கேட்டனீங்களாம்."

"லொறிக்கு வழி மத்தப் பக்கம் ஈக்குதே! யார் செல்லிய இதெல்லாம்? அந்தச் செவுத்துக்கு மேலால தல காட்டுற மனிசியா?" அவர் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை மடித்து வைத்தார். "தம்பி வந்து பத்துச் சாக்குக் கேட்டார், குடுத்த. ஒருநாள் கிட்டங்கி மேல ஏறி நிண்டு, ஒங்கட வளவுல நெழல் எத்தின மணிக்கு எங்க விழுதெண்டு பாத்த. அவ்வளவுதான் நான் கண்ட. மிச்சத்த அவர்ட வாயால கேளுங்க. நான் நடுவுல வந்தா நல்லா ஈக்காது."

மிச்சமா? அப்படியென்றால் மிச்சம் ஒன்று இருக்கிறது. அது இந்த மனிதருக்கும் தெரியும். சாக்கு எதற்கு? சாமான் கட்டத்தான் சாக்கு. அவள் வீட்டுக்கு நடந்துவருகையில் தெருவில் போன ஒவ்வொரு மாட்டுவண்டியையும் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குக் கடைசியாகக் கிடைத்தது மணல். பேர்னாட் சில மாதமாக ஞாயிறு பின்னேரங்களில் "ஒரு ஆளைப் பாக்கவேணும்" என்று வெளியே போவான். அவனுடைய காற்சட்டையை உதறியபோது மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. அவன் அகழிக்குப் போட்ட ஆற்றுமணல் கறுப்பு. இது மஞ்சள், சிப்பித்தூள் கலந்தது. பைக்குள்ளே கொடுக்காமல் விட்ட ஒரு றெயில் ரிக்கற். அதில் வெள்ளவத்தை என்று இருந்தது.

மெற்றில்டா கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வட்டமாக வெட்டியது. சாக்கு. சிவப்புக் குறி. வெள்ளவத்தைக் கடற்கரை. அங்கே புதிது புதிதாகப் பங்களா கட்டுகிறார்கள். புதுப் பங்களாவுக்கு நின்ற நிலையில் பூக்கிற மரம் வேண்டும். கன்று வைத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? கனமான சாமானைச் சேதமில்லாமல் தூக்க, கொட்டாஞ்சேனையில் கைதேர்ந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு அக்காவிடம் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. கணக்குச் சரியாக வந்தது. ஓர் இடத்திலும் நூல் பிசகவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. வீட்டின் பின்பக்கம், கிணற்றடிக்குப் பக்கத்து மூலையில், பேர்னாட்டுக்கென்று ஓர் அறை கட்ட மூன்று வருடத்துக்கு முன் அத்திவாரம் வெட்டி, பிறகு அப்படியே தகரம் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவன் கலியாணம் முடித்தால் பெண்சாதியோடு இருக்க என்று மெற்றில்டா பார்த்து வைத்த இடம் அது. ஐப்பசி பிறந்ததும் அவன் அந்தத் தகரத்தை நகர்த்தி உள்ளே மண் எடுப்பதைக் கண்டாள். "அறை வேலை தொடங்கிறியோ?" என்று கேட்டாள். அவன் மண்வெட்டியை நிறுத்தி, ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சும்மா தலையை அசைத்தான். மரத்தை விற்றுத்தான் அறை கட்டப்போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கோபத்துக்குள்ளே ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஐப்பசி மழை மூன்று நாள் கொட்டிவிட்டு ஒரு சனிக்கிழமை காலையில் விட்டது. தரை பொதுமியிருந்தது. ஏழு மணிக்குக் கேற்றடியில் கைவண்டிச் சத்தம். பேர்னாட்டின் கூட்டாளிகள் ஆறு பேர், செபஸ்தியன் முன்னால். செபஸ்தியன் துறைமுகத்தில் கயிறு பிடிக்கிறவன், வாயும் கயிறு போல நீளம். வண்டியில் மூன்று நீட்டு மரங்கள், சங்கிலிக் கப்பி, தும்புக் கயிறு, பலகைகள், உருளைக் கட்டைகள்.

"அக்கா, தேத்தண்ணி உண்டோ, இல்லாட்டி வேலை முடிஞ்சாத்தானோ?" என்றான் செபஸ்தியன்.

"என்ன வேலை?"

செபஸ்தியன் பேர்னாட்டைப் பார்த்தான். பேர்னாட் வண்டியிலிருந்து கயிற்றை எடுக்கத் தொடங்கினான். செபஸ்தியன் வாழ்க்கையில் முதல் தரமாக வாயை மூடிக்கொண்டான்.

அவர்கள் சாமான்களை இறக்கி உள்ளே எடுத்ததும், மெற்றில்டா வெறும் வண்டியை வெளியே விட்டபடி கேற்றைச் சாத்தினாள். பீடத் துணிப் பெட்டிக்குப் போடுகிற ஆமைப்பூட்டைக் கொண்டுவந்து கொழுவிப் பூட்டினாள். திறப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கேற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். மரம் போவதென்றால் இந்த வழியாகத்தான் போகவேண்டும். பார்ப்போம்.

பேர்னாட் அதைக் கண்டான். ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு வேலைக்குத் திரும்பினான். கேற்றைத் திற என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஏன் என்று அவள் யோசித்திருக்கவேண்டும். கோபக்காரிக்கு யோசனை எங்கே?

இரண்டு மணித்தியாலம் வேலை நடந்தது. மூன்றில் ஒரு பங்கு கிளையை முதலிலேயே நறுக்கி எடுத்தார்கள். பழைய வட்டத்தின்படி மண்ணை விலக்கியபோது, ஆனியில் வெட்டிய வேர்களின் நுனியில் புது வேர்கள் நூல்நூலாகக் குஞ்சம் கட்டியிருந்தன. ஒவ்வொரு குஞ்சத்தையும் பேர்னாட் விரலால் ஒதுக்கி மண்ணோடு அணைத்தான். வேரும் மண்ணுமாக மூன்றடிக் குடம் போலத் திரண்டதை நானாவின் சாக்குகளால் சுற்றி, தும்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வலை பின்னினார்கள். அடிமரத்தில் ஒரு கயிறும் படவில்லை. "மரத்தில கட்டித் தூக்கினா தோல் உரிஞ்சுபோம்" என்று மட்டும் பேர்னாட் சொன்னான். பிறகு மூன்று மரங்களையும் முக்காலியாக நிறுத்தி, கப்பியை மாட்டினார்கள். அவன் பின்னால் தள்ளி நின்று வலது கையை உயர்த்தினான்.

சத்தம் நின்றது. ஆறு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மேற்குச் சுவருக்கு மேலே இருந்த றஞ்சிதத்தின் தலைகூட அசையவில்லை.

விரல் மடங்கியது. சங்கிலி கறகறத்தது. செண்பகம், பன்னிரண்டு வருடம் நின்ற இடத்தை விட்டு, ஓர் அங்குலம், ஒரு சாண், ஒரு முழம் மேலே வந்தது. இலைகள் நடுங்கின. மெற்றில்டா ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"வெள்ளவத்தையில ஆற்ற வளவுக்கடா இதைக் கொண்டுபோறாய்?"

வெள்ளவத்தை என்ற சொல்லுக்குப் பேர்னாட் திரும்பினான். முகத்தோடு கையும் திரும்பித் தாழ்ந்தது. கையைத்தானே செபஸ்தியன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சங்கிலியை விட்டான். மரம் பலகையின் விளிம்பில் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. சாக்குக்குள்ளே ஏதோ உடைந்து சரிகிற சத்தம் மட்டும். வலையின் ஒரு மூலை தொய்ந்து, அதன் வழியாக மண் பொலபொலவென்று கொட்டியது. மண்ணோடு வெள்ளை வேர்க் குஞ்சங்கள்.

பதினாலு வருடத்தில் முதல் பாரம்.

பேர்னாட்டின் காது சிவந்திருந்தது. அவன் போய் முழங்காலில் இருந்து, கொட்டிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, சாக்குக்குள்ளே திணித்து, தன் சட்டையைக் கழற்றி அந்த மூலையில் வைத்துக் கட்டினான். திரும்பிப் போய் அதே இடத்தில் நின்றான். கையை உயர்த்தினான்.

மரம் மறுபடி எழுந்தது. பலகையில் இறங்கியது. உருளைகளில் அசைந்தது. மெற்றில்டா கேற்றோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். ஆனால் மரம் கேற்றுப் பக்கம் வரவில்லை. வீட்டின் பக்கவாட்டால், ஓர் உருளை போக ஓர் உருளையாக, பின்னால் கிணற்றடிக்குப் போனது.

அவளும் பின்னால் போனாள். திறப்பு நெஞ்சில் குத்தியது.

அத்திவாரத்து மூலையில் தகரம் இல்லை. நான்கடி அகலத்தில் வட்டமாக ஒரு குழி. அதற்குள்ளே காலை வெயில் விழுந்து கிடந்தது. கிட்டங்கி அந்த மூலைக்கு முன்னமே முடிந்துவிடுகிறது என்பதை அவள் அதுவரை கவனித்ததே இல்லை. முக்காலியை அங்கே நிறுத்தி, மரத்தைத் தூக்கி, இறக்கும்போது பேர்னாட் விரலைச் சுழற்றிக் காட்டினான். மரம் மெதுவாகத் திரும்பியது. சிவப்புக் கோடு கிழக்கே வந்ததும் கையை மூடினான். பழைய இடத்தில் சூரியனைப் பார்த்து நின்ற பக்கம், புது இடத்திலும் சூரியனைப் பார்த்து நின்றது.

தேத்தண்ணி குடித்துவிட்டு மற்றவர்கள் போனார்கள். மெற்றில்டாதான் பூட்டைத் திறந்துவிட்டாள். ஒருவர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

பேர்னாட் கிணற்றடியில் கைகழுவிக்கொண்டிருந்தான். முதுகில் மண்.

"இதில உன்ர அறையெல்லோ வரவேணும்" என்றாள் மெற்றில்டா.

"அறை வராது அக்கா."

"ஏன்?"

"நான் தையில வெள்ளவத்தைக்குப் போறன். ஐறீனெண்டு ஒரு பிள்ளை. தகப்பன் பாரிசவாதத்தில படுத்த படுக்கை. அவரைத் தூக்கி இருத்த அவளுக்கு ஏலாது. அங்கதான் இருக்கவேணும்." அவன் வாளியைப் பார்த்தே பேசினான். இவ்வளவு நீளமாக அவன் ஒரே மூச்சில் கதைத்து அவள் கேட்டதில்லை. "காலமை வெயில் விழுற இடம் வளவில இது ஒண்டுதான். அறை கட்டினா மரத்துக்கு இடமில்லை. இதில நிண்டா உங்கட யன்னலுக்கு நேர. முன்னுக்குப் போகத் தேவையில்லை, இருந்த இடத்திலயே பூ எண்ணலாம்."

"இதை முதலே சொன்னா என்னடா?"

"வேர் விடுதோ இல்லையோ தெரியாது. தெரியாமல் என்னத்தைச் சொல்லுறது? அந்தரத்தில நிண்டுது எல்லாம்."

"நானா அறிஞ்சிருக்கிறார். செபஸ்தியன் அறிஞ்சிருக்கிறான். நான் மட்டும்…" அவள் சத்தத்தைக் கூட்டினாள். "மரத்துக்கு அரைவாசி அரைவாசியா வெட்டினாய். எனக்கும் அப்பிடித்தானே ஞாயிறு ஞாயிறா வெட்டிக்கொண்டு வந்தனீ!"

அவன் வாளியை நிரப்பிக் கொண்டுபோய், மரத்தடியில் சுற்றி ஊற்றினான்.

பத்து நாளில் செண்பகம் இலையெல்லாம் கொட்டியது. கிடுகால் நிழல் கட்டியும், அடிமரத்தைச் சாக்கால் சுற்றியும் பலனில்லை. விழுந்த பக்கத்துக் கிளை நுனியிலிருந்து கறுத்தது. "கொலைதான்" என்றாள் றஞ்சிதம். பேர்னாட் அக்காவுக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தான்: நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டவேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மெற்றில்டா தினமும் காலையில் ஒவ்வொரு இடமாகச் சுரண்டினாள். ஒரு நாள் சுரண்டிய இடத்தை இன்னொரு நாள் தொடமாட்டாள். பச்சை இருந்தது. இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கையில்லை. தம்பியின் கண்முன்னால் பச்சை காட்டிவிட்டு, அவன் போனதும் சாகத்தான் இந்த மரம் காத்திருக்கிறது என்று நினைத்தாள்.

தையில் கலியாணம் நடந்தது. மெற்றில்டா ஐறீனையும் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறவள் மாதிரித்தான் பார்த்தாள். மெலிந்த பெண். கையில் தைலம் மணத்தது. கும்பிட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "மச்சாள், கறுத்த கொப்பை வெட்டிட்டீங்களோ, இல்லையோ?" என்பது.

"உனக்கு ஆர் சொன்னது கொப்புக் கறுத்ததெண்டு?"

"வந்திருந்து அதைத்தானே கதைக்கிறவர். கடற்கரையில நடந்தாலும் செண்பகம். அப்பாவுக்குச் சோறு தீத்தினாலும் செண்பகம். அப்பா கேட்டார், இவர் என்ன, மரத்தையோ முடிக்கப்போறார் எண்டு."

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "இன்னும் வெட்டேல்லை" என்றாள்.

பங்குனியில் ஒரு காலை, சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே, வெறும் பட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு தளிர் நின்றது. அடுத்த நாள் நான்கு. அவள் யன்னலுக்குள்ளே இருந்தபடியே எண்ணினாள். றஞ்சிதத்துக்குச் சொல்லவில்லை. அவளே சுவருக்கு மேலால் கண்டு கேட்கும்வரை வைத்திருந்தாள்.

மே மாதம் முதலாம் திகதி மரத்தில் எட்டுப் பூ. மெற்றில்டா ஏழைப் பறித்து, அதே பெரிய பித்தளைத் தட்டின் நடுவில் வைத்து, கோயிலுக்குக் கொண்டுபோனாள். சுவாமியார் நுழையும்போது நின்று மூச்சை இழுத்தாரா என்று பார்த்தாள். நின்றார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். அன்றைக்கென்று பேர்னாட்டும் வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தான். செபஸ்தியன் புதிதாக வந்த ஒருவனுக்கு அவனைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இவர்தான் ஆள். பியானோ இறக்கினவர், குதிரை இறக்கினவர். பதினாலு வருசத்தில ஒரேயொரு சாமான்தான் கீழ போட்டவர். அதுவும் சொந்த வளவில, ஒரு பூமரம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பேர்னாட்டும் சிரித்தான். காது மட்டும் சிவந்தது.

மெற்றில்டா வெறுந்தட்டை இடுப்பில் வைத்தபடி நடுவில் வந்து நின்றாள்.

"அவன் போடேல்லை" என்றாள். "பாரம் தூக்கி நிக்கேக்குள்ள நான் வாயைத் திறந்தனான். அதில விழுந்தது. என்ர தம்பி இண்டைவரைக்கும் ஒண்டும் கீழ போட்டதில்லை. எழுதி வைக்கிறதெண்டா என்ர பேரை எழுதி வையுங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது. செபஸ்தியன், "ஐயோ அக்கா, பகிடிக்கு" என்றான்.

"பகிடியெண்டாலும் சரியாச் சொல்லவேணும்."

அதன்பிறகு அவள் இதைக் கோயிலில் கண்ட எல்லாரிடமும் சொன்னாள். சிலரிடம் இரண்டு தரம்.

அன்று பேர்னாட் புறப்படும்போது அவள் பின்னுக்குப் போய், மிஞ்சியிருந்த எட்டாவது பூவைக் காம்போடு நறுக்கி வந்து அவன் கையில் வைத்தாள். "உன்ர மனிசிக்கு. நசுக்கிப்போடாதை."

பேர்னாட் அதைப் பையில் போடவில்லை. உள்ளங்கையில் நிறுத்தி, மற்றக் கையால் காற்று மறைத்துக் கொண்டுபோனான். றெயிலில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கதை கொடுத்தார்களாம். வெள்ளவத்தையில் இறங்கி, வீட்டுக்கு நடந்து, ஐறீனின் கையில் பூவை இறக்கி வைக்கும்வரை அவன் வாயே திறக்கவில்லையாம்.